மூணு கேன் பொய்க்கடல்

அந்த இரும்பு டேங்குக்கு நான் வெச்ச பேரு மாமியா. எவ்ளோ பண்ணாலும் பத்தாது, எப்போ இன்னா கொற சொல்லும்னு தெரியாது, ரூமு நடுவுல உக்காந்துகினு நவுராது. தாம்பரத்துலேர்ந்து பஸ்ஸுல போற தூரத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பேரு வேணாம், அங்க கீழ்த்தளத்துல கடைசி ரூமுல அது இருந்துச்சு. நான் அங்க லேப் அட்டெண்டர். பத்தாவதுல கணக்குல ரெண்டு வாட்டி ஃபெயிலாயி, மூணாவது வாட்டி எழுதவே போவாம, யாரோ சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். ரெண்டாயிரத்து அஞ்சுல எனக்கு வயசு இருபத்திரண்டு.

அந்த டேங்கு, நான் அக்கான்னு கூப்புடற ஒரு டீச்சரோடது. அக்கா அதே காலேஜுல டெம்பரரி லெக்சரர், கூடவே பி.எச்டி. பண்ணிகினு இருந்தாங்க. காலையில கிளாஸ், மத்தியானம் கிளாஸ், நடுவுல கிடைக்கற கேப்புல எல்லாம் படி எறங்கி வந்து மாமியாகிட்ட நிப்பாங்க. படப்பையில வூடு. வூட்டுக்காரரு அங்கயே ஃப்ரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பட்டறை வெச்சிருந்தாரு. ஒரு பொண்ணு, ஒண்ணாவது படிக்குது. பஸ்ஸுல சீட்டு கிடைச்சா உக்காந்து தூங்குவீங்க, கிடைக்கலேன்னா நின்னு தூங்குவீங்கன்னு நான் அக்காவைக் கலாய்ப்பேன். ஒரு நாள் நெஜமாவே பாத்தேன். முடிச்சூர் தாண்டி, கம்பியைப் புடிச்சிகினு, முக்காடு தோள்ல சரிஞ்சது கூடத் தெரியாம, கண்ணு மூடி இருந்துச்சு. நான் கூப்பிடலை. அன்னிக்கு மட்டும் கலாய்க்கவும் இல்ல.

நான் சேர்ந்த புதுசுல கேட்டேன். "இன்னாக்கா, கண்ணாடி நூலை உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வெச்சிருக்கீங்க. ஊறுகாயா?"

"கடலுக்கு அடியில கேபிள் போகுது, தெரியுமா தம்பி?"

"கரண்டு கேபிளா?"

"பேச்சு போற கேபிள். நீ துபாய்க்கு போன் பண்ணா, இன்டர்நெட்ல ஏதாவது பாத்தா, பெரும்பாலும் அது வழியாத்தான் போகுது. உள்ள முடி மாதிரி கண்ணாடி நூல். அதுல வெளிச்சம் ஓடும். நம்ம கடற்கரையில மண்ணுக்கு அடியில பூந்து, அப்படியே சிங்கப்பூர் வரைக்கும்."

"எல்லாரும் மேல சேட்டிலைட்டுல போவுதுன்னு சொல்றாங்க?"

"எல்லாரும் மேலதான் பாப்பாங்க. கீழ யாரு பாக்கறா."

அக்கா சொல்லிக்குடுத்ததுல எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான். கடல்ல பத்து மீட்டர் எறங்கினா, நம்ம தலை மேல இப்ப இருக்கற காத்து பாரம் இன்னொரு மடங்கு சேரும். இன்னொரு பத்து மீட்டர், இன்னொரு மடங்கு. ஆயிரக்கணக்குல மீட்டர் எறங்கினா இன்னா ஆவும்னு நீங்களே நெனைச்சுக்குங்க. அங்க குளிரு, ஃப்ரிட்ஜு உள்ள மாதிரி. வெயிலே தெரியாத இருட்டு. அந்த எடத்துல கேபிள் பத்து இருவது வருஷம் படுத்துக் கெடக்கணும். யாரும் போய் துடைக்க முடியாது, மாத்த முடியாது. கண்ணாடி நூலு நசுங்காம இருக்க சுத்தி இரும்புக் கம்பி முறுக்கி வெச்சிருப்பாங்க. ஆனா அந்த இரும்பே ஒரு பேஜாரு. உப்புத் தண்ணி பட்டா அது அரிக்கும். அரிக்கறப்போ ஹைட்ரஜன்னு ஒரு காத்து வரும். அந்தக் காத்து ரொம்பப் பொடிசு, கண்ணாடிக்குள்ளயே பூந்துடும். பூந்து உக்காந்துகினு, ஓடற வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். இந்தப் பக்கம் உட்ட வெளிச்சம் அந்தப் பக்கம் கொறைச்சலா வரும்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானாம். அக்காவோட கேள்வி வேற. கடல் சேத்துல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு, காத்தே இல்லாத எடத்துலயும் வாழுங்க. அதுங்க அந்த இரும்பு மேல சேர்ந்துச்சுன்னா அந்த ஹைட்ரஜன் இன்னும் ஜாஸ்தியா வருமா? அவ்ளோ பாரத்துல, அவ்ளோ குளிருல, அதுங்க வேலை செய்யுமா, சும்மா தூங்குமா?

அதுக்குத்தான் மாமியா. ஒரு ஆள் உள்ள குந்தற அளவுக்கு கனமான இரும்பு டேங்கு. அதுல கடல் தண்ணியும் கடல் சேறும் ஊத்தி, இரும்புக் கம்பி சுத்தின கண்ணாடி நூலை உள்ள எறக்கி, மூடிய பதினாறு போல்ட்டு போட்டு முறுக்கி, கைப்பம்புல அடிச்சு அடிச்சு பாரத்தை ஏத்தணும். அடிக்கறது நானு. ஒரு வாட்டி ஏத்தினா ரெண்டு நாளைக்கு தோளு என்னுது இல்ல. குளிருக்கு அக்கா வூட்டுக்காரரு ஒரு பழைய ஐஸ்க்ரீம் பெட்டியைப் பிரிச்சு டேங்கைச் சுத்தி மாட்டிக் குடுத்தாரு. நூலோட ஒரு முனையில வெளிச்சம் உடற மெஷின், மறு முனையில எவ்ளோ வந்துச்சுன்னு சொல்ற மீட்டரு. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. "தெரியாத வெளிச்சத்தை தெரியாத பூச்சி தின்னுதான்னு பாக்கறீங்க. உங்களுக்கு சம்பளம் வேற"ன்னு நான் சொல்லுவேன். அக்கா சிரிப்பாங்க. சிரிச்சுகினே ரீடிங் எழுதுவாங்க.

ஒரு வாட்டி மூடினா பதினஞ்சு நாள். அதுக்குப் பேரு ஒரு ரன்னு. அஞ்சு ரன்னு ஒரே மாதிரி வந்தாத்தான் ஒத்துப்பாங்களாம்.

மொத ரெண்டு ரன்னு, ஆடி ஆவணியில, நல்லா வந்துச்சு. ஒம்பதாவது பத்தாவது நாள்லேர்ந்து மீட்டருல புள்ளிக்கு அப்புறம் இருக்கற ரெண்டாவது நம்பரு மெதுவா நவுர ஆரம்பிக்கும். அந்த நம்பரு நவுந்தா அக்காவுக்கு பிரியாணி சாப்பிட்ட மூஞ்சி.

அந்தத் தண்ணிய கொண்டாந்தது நான்தான். தாம்பரம் கிழக்கு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அங்கேர்ந்து ஈ.சி.ஆர். தாண்டி ஒரு மீனவக் குப்பம். எங்க தெரு மச்சான் ஒருத்தன் லோடு ஆட்டோ ஓட்டிகினு இருந்தான், அவன் வண்டியில போவேன். குப்பத்துல ஒரு அண்ணன் போட்டுல போறப்போ அலை தாண்டி ரொம்ப உள்ள, கயித்துல தகர டின்னைக் கட்டி எறக்கி, அடிச் சேறு ஒரு பெயிண்டு டப்பா, தண்ணி ஒரு கேன் எடுத்தாந்து குடுப்பாரு. கரைத் தண்ணி வேணாம், வெயில்ல வெக்காத, மூடிய இறுக்காத, அன்னிக்கே கொண்டா. இதெல்லாம் அக்கா ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாங்க. ஏன்னு நானும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. எனக்கு இந்தக் காதுல பூந்து அந்தக் காதுல போற விஷயம், அவ்ளோதான். பூச்சின்னா சேறு இருந்தா இருக்கும், உப்புன்னா உப்பு. இதான் என் படிப்பு.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. அந்த வருஷ மழை இங்க இருந்தவங்க யாருக்கும் மறக்காது. எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. மூணாவது ரன்னுக்குத் தண்ணி எடுக்கக் கெளம்பினேன். வேளச்சேரி ரோட்டுல ஆட்டோ நின்னுடுச்சு. மச்சான் எறங்கி இஞ்சினைப் பாத்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"தண்ணி பூந்துடுச்சு மச்சி. வா, தள்ளு."

"தண்ணி எடுக்கப் போற வண்டியில தண்ணியே வந்து ஏறிக்குச்சு பாரு."

"மூடிகினு தள்ளுடா."

தள்ளினோம். மழையில, கேம்ப் ரோடு வரைக்கும். அன்னிக்கு குப்பத்துல போட்டும் போவலைன்னு அந்த அண்ணன் போன்ல சொல்லிட்டாரு. மறுநாளும் போவாது, அதுக்கு மறுநாளும் சந்தேகம்தான்னாரு. அக்காவோ மறுநாள் காலையில டேங்கை மூடியாவணும். ஏன்னா அந்த டிசம்பரோட அவங்க பி.எச்டி. பதிவு முடியுது. ஏற்கெனவே ரெண்டு வாட்டி நீட்டிச்சாச்சு. அதுக்குள்ள மூணு ரன்னு முடிச்சு, எழுதி, பைண்டு பண்ணிக் குடுக்கலேன்னா ஏழு வருஷம் போச்சு. பட்டம் வந்தா கிடைக்கற பர்மனென்ட் வேலையும் போச்சு. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சு, நான் அக்காவுக்கு நல்லது பண்றதா நெனைச்சுகினேன்.

எங்க வூட்டு போர் தண்ணியே உப்புதான், அதுல சோப்பு நுரைக்காது. ஒரு கேன் புடிச்சேன். கடையில கல் உப்பு வாங்கிப் போட்டுக் கலக்கினேன். அக்கா தண்ணியில உப்பு அளக்க ஒரு கண்ணாடி மிதவை வெச்சிருந்தாங்க, அது லேப்புல என் கையிலதான் இருக்கும். அதைப் போட்டு, இன்னும் கொஞ்சம் உப்பு, இன்னும் கொஞ்சம்னு, கடல் தண்ணிக்கு நிக்கற கோட்டுல கரெக்ட்டா நிக்க வெச்சேன். சேத்துக்கு பீர்க்கன்கரணை ஏரி. ஓரத்துல கை விட்டா கறுப்பா, நல்லா நாத்தமா வந்துச்சு. கேன் வாயில நெத்திலிக் கருவாட்டை நல்லா தேய்ச்சேன். இதுல எனக்குப் பெருமை வேற. இவ்ளோ யோசிச்சு ஒரு வேலைய நான் அதுக்கு முன்னாடி செஞ்சதே இல்ல.

மறுநாள் அக்கா கேனைத் திறந்து மோந்து பாத்தாங்க. மிதவையைப் போட்டுப் பாத்தாங்க.

"இவ்ளோ மழையில எப்படிடா போன?"

"நீச்சல்தான்."

"சும்மா சொல்லு."

"சொன்னா அழுவீங்க, உடுங்க."

அக்கா என் தலையைப் பாத்தாங்க, சட்டையைப் பாத்தாங்க. நனைஞ்சுதான் இருந்துச்சு, அது வூட்டுலேர்ந்து வந்த மழை. "சளி புடிச்சுக்கப் போகுது. போய் டீ குடி"ன்னாங்க.

நாலாவது ரன்னுக்கு மழை உட்டிருந்துச்சு. போட்டும் போயிருக்கும். நான் போவலை. உடம்பு வலிச்சுது, போர் தண்ணி வாசல்லயே இருந்துச்சு, உப்பும் மூட்டையில பாதி மிச்சம் இருந்துச்சு. அஞ்சாவது வாட்டி யோசிக்கவே இல்ல.

அந்த மூணு ரன்னுலயும் நம்பரு நவுரலை. கொஞ்சம் அசையும், நிக்கும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

மூணாவது ரன்னு ரம்ஜான் மாசத்துல நடந்துச்சு. அக்கா நோன்பு. வாயில சொட்டுத் தண்ணி இல்லாம, நாலு கிளாஸு எடுத்துட்டு, கீழ வந்து மீட்டரு முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காருவாங்க. நான் சொன்னேன், "அக்கா, மாமியாவும் நோன்பு போல. வெளிச்சத்தைத் தின்ன மாட்டேங்குது." அக்கா சிரிச்சாங்க. இப்ப நெனைச்சா அந்த ஜோக்கை நான் எங்கயாவது போய் தொலைச்சுட்டு வரணும் போல கீது.

நாலாவது ரன்னுல சிரிப்பு நின்னுடுச்சு. அக்கா மூடிய திறந்து எல்லாத்தையும் மறுபடி பாத்தாங்க. கண்ணாடி நூலை வெட்டி வெட்டி திரும்ப ஒட்டினாங்க. அது ஒட்டறது லேசு இல்ல. மேல் தோலை உரிச்சு, முனைய நேரா வெட்டி, ஒரு சின்ன மெஷின்ல வெச்சு சூட்டுல உருக்கி ஒட்டணும். வெட்டின துண்டு கண்ணுக்கே தெரியாது, விரல்ல ஏறிட்டா ரெண்டு நாள் குத்திகினே இருக்கும். அக்கா விரலுக்கு டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்ப்பாங்க, துண்டு வருதான்னு. ஒரு சாயங்காலம் அப்படிப் பிய்ச்சுகினே, என்னைப் பாக்காமயே சொன்னாங்க.

"மொத ரெண்டும் என் கைத் தப்புதான் போல தம்பி. ஒட்டு சரியில்லாம வெளிச்சம் போயிருக்கு. நான் அதைப் பூச்சின்னு நெனைச்சுட்டேன்."

"மாமியா மேல தப்பு இருக்கும்கா."

"இல்லடா. ஏழு வருஷமா கை பழகலைன்னா அது யாரு தப்பு?"

நான் தரையைத் தொடைச்சேன். தொடைச்ச எடத்தையே திரும்பத் தொடைச்சேன்.

கார்த்திகை மாசம் அஞ்சாவது ரன்னு முடியறப்போ அக்காவோட கைடு சார் வந்தாரு. நல்ல மனுஷன்தான். சுகரு, மூட்டு வலி, படி எறங்கறதுக்கே அவருக்கு பத்து நிமிஷம் ஆவும். நோட்டைப் பாத்தாரு.

"மூணு ரன் க்ளீனா இருக்கேம்மா. மொத ரெண்டையும் எர்ரர்னு தள்ளிடு. எந்த பாதிப்பும் இல்லைன்னு எழுதி முடி. அதுவும் ஒரு ரிசல்ட்தான். டிசம்பர்ல சப்மிட் பண்ணிடலாம்."

"சரி சார்."

"ஏம்மா டல்லா இருக்க? முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படு."

"டயர்டா இருக்கு சார். அவ்ளோதான்."

சார் போனப்புறம் அக்கா நோட்டை மூடி, அது மேல கையை வெச்சுகினு உக்காந்துகினு இருந்தாங்க. நான் கேட்டேன், "இதை எழுதினா இன்னா ஆவும்கா? புக்கு லைப்ரரியில தூங்கும், அதானே?"

"தூங்கலாம். இல்ல கேபிள் போடறவன் எவனாவது படிக்கலாம். பூச்சியால பயம் இல்லைன்னு நான் எழுதியிருந்தா, அவன் அதுக்குப் பாதுகாப்பு வெக்க மாட்டான். அப்புறம் கீழ படுத்துக் கெடக்கற கேபிளை யாரு போய்ப் பாக்கறது?" அக்கா கண்ணைத் தேய்ச்சாங்க. "ஆனா ரீடிங் என்ன சொல்லுதோ அதைத்தானே எழுதணும். நமக்குப் புடிச்சதை எழுத முடியாதுல்ல."

அப்புறம் அவங்களே சும்மா சொல்லிகினு இருந்தாங்க. கடல் சேத்துல இருக்கறது வேறயாம், ஏரி, கெணத்துல இருக்கறது வேறயாம். ஏரிப் பூச்சிய உப்புத் தண்ணியில போட்டா பெரும்பாலும் செத்துடுமாம். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் உன்னை அலைய விடறேன் தம்பி, மனசுல வெச்சுக்காதன்னாங்க.

நம்பரு ஏன் நவுரலைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அப்பவே சொல்லலை. அன்னிக்கு பஸ்ஸுல சொல்லலாம்னு பாத்தேன், அக்கா தூங்கிட்டாங்க. மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் காலேஜ். டேங்கைத் திறந்து கழுவற நாள். அக்கா கம்பியெல்லாம் எடுத்துத் தட்டுல வெச்சுகினு இருந்தாங்க.

"அக்கா, அந்தத் தண்ணி கடல் தண்ணி இல்ல."

"ம்."

"நெஜமா. எங்க வூட்டு போர் தண்ணி. கல் உப்பு போட்டேன்."

"சரிடா. சேறு?"

"பீர்க்கன்கரணை ஏரி."

"மீனு யாரு போட்டா, உங்க மச்சானா?" அக்கா சிரிச்சுகினே அடுத்த கம்பியை எடுத்தாங்க. "தலை வலிக்குது தம்பி, இன்னிக்கு வேணாம்."

அதுவரைக்கும் நான் எந்த விஷயத்தையும் நேரா சொன்னதே இல்ல. அந்த ஒரு வாட்டி நேரா சொன்னேன், அதையும் அக்கா என் கலாய்ப்புக் கணக்குலயே சேர்த்துட்டாங்க. இன்னா பண்றதுன்னு தெரியலை. கருவாட்டுக் கதையச் சொன்னா இன்னும் ஜோக்காத்தான் தெரியும். டேங்கு அடியில தங்கியிருந்த சேத்தை ஒரு கை அள்ளி தட்டுல போட்டேன்.

"நீங்களே பாருங்க."

அக்கா என் மூஞ்சியப் பாத்தாங்க. அப்புறம் சேத்தை விரலால தேய்ச்சாங்க. குழாயைத் திறந்து கொஞ்சமா தண்ணி உட்டு அலசினாங்க. அதுல கறுப்பா ஒரு நூலு மாதிரி வந்துச்சு. எடுத்து வெளிச்சத்துல புடிச்சாங்க. மயிரு மாதிரி பக்கவாட்டுல கிளை கிளையா இருந்துச்சு. ஆகாயத்தாமரை வேரு. படப்பையில பொறந்து வளந்தவங்களுக்கு அதைச் சொல்லித் தரணுமா. எந்த ஏரியில கை விட்டாலும் கையில சுத்திகினு வர்ற வேரு அது. கடல்ல மொளைக்காது.

அதையே பாத்துகினு இருந்ததுல குழாயை மூட மறந்துட்டாங்க, நான்தான் மூடினேன்.

"எத்தினி ரன்?"

"மூணுக்கா. கடைசி மூணும்."

"மொத ரெண்டு?"

"அது கடலுதான். அந்த அண்ணனைக் கேட்டுப் பாருங்க."

திட்டுவாங்கன்னு நின்னேன். அறைஞ்சா கூட வாங்கிக்கலாம்னு நின்னேன். அக்கா ஸ்டூல்ல உக்காந்தாங்க. அவங்க மூஞ்சில கோவம் தெரியலை. ஒரு மாதிரி நிம்மதி வந்து, அது மேலயே சோர்வு வந்து மூடிக்குச்சு.

"அப்ப என் ஒட்டு சரியாத்தான் இருந்துருக்கு"ன்னாங்க.

அப்புறம்தான் காலண்டரைப் பாத்தாங்க. டிசம்பர் முடிய ஒரு மாசம் கூட இல்ல. ஒரு ரன்னு முடிக்கலாம், அதுவும் போட்டு போனாத்தான். மூணு முடியாது. நோட்டை என் முன்னாடி வெச்சு, பேனாவைக் குடுத்தாங்க.

"என்ன தண்ணி, என்ன சேறு, எந்தெந்த நாளு. நீயே எழுது. கையெழுத்து போடு."

"எனக்கு இங்கிலீசு வராதுக்கா."

"தமிழ்ல எழுது. தண்ணி தமிழ்லதானே கலக்குன."

எழுதினேன். அரைப் பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. உப்பு எத்தினி கைன்னு கேட்டாங்க, அதையும் எழுதினேன். அக்கா அந்த மூணு ரன்னு பக்கத்துலயும் ஸ்கேல் வெச்சு குறுக்க கோடு போட்டாங்க. ஒண்ணரை மாசம் அது. ஒவ்வொரு பக்கமா திருப்பிப் போட்டாங்க, நான் பக்கத்துல நின்னுகினு பாத்தேன்.

திங்கக்கிழமை சாருகிட்ட சொன்னாங்க. நான் கதவாண்ட நின்னேன். சார் கண்ணாடியக் கழட்டி டேபிள் மேல வெச்சாரு.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்கு சார்."

"அப்படியே இருக்கட்டுமேம்மா. ரன் நடந்துருக்கு, ரீடிங் இருக்கு. மறுபடி எக்ஸ்டென்ஷன்னா யுனிவர்சிட்டி ஒத்துக்குமான்னே தெரியாது. ரெண்டு தடவை நான் கையெழுத்து போட்டாச்சு. ஏழு வருஷம்மா."

"தெரியும் சார்."

"ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்கலேன்னா போச்சு சார். ஏரித் தண்ணிய கடல்னு எழுதி வாங்குன பட்டத்தை வெச்சுகிட்டு நான் பசங்களுக்கு என்ன சொல்லித் தரது?"

சார் என்னைப் பாத்தாரு. என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு சொன்னாரு. அக்கா ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, "பம்ப் அடிக்க ஆள் வேணும் சார்." மன்னிச்சேன்னு சொல்லலை. அன்னிக்கும் சொல்லலை, அதுக்கப்புறமும் சொல்லலை.

எக்ஸ்டென்ஷன் லெட்டரை ஆபீஸ்ல குடுக்க என்கிட்டதான் குடுத்தாங்க. படிக்கட்டுல நின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். காரணம்னு இருந்த எடத்துல, தண்ணி மாதிரிகளை நான் நேர்ல நின்னு எடுக்கவில்லை, அதனால அவை செல்லாதுன்னு இங்கிலீசுல எழுதியிருந்தாங்க. நான்னு இருந்த எடத்துல எல்லாம் அக்காதான். என்னைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அந்த லெட்டரை ஆபீஸ் மேஜை மேல வெக்கறதுக்கு, மாமியாவுக்கு பம்பு அடிச்சதை விட எனக்குக் கை வலிச்சுது.

பதில் வர்றதுக்கு முன்னாடியே, மழை உட்ட ஒரு நாள், தண்ணி எடுக்கக் கெளம்பினோம். கெளம்பினோம்னு சொல்றேன், ஏன்னா அக்காவும் ஆட்டோவுல ஏறிட்டாங்க. மச்சான் பக்கத்து சீட்டைத் தொடைச்சுக் குடுத்தான், வேணாம்னுட்டு பின்னாடி லோடுல, கேன் பக்கத்துல, என் எதிர்ல உக்காந்தாங்க.

"நான் போய்ட்டு வரேன்கா. இந்த வாட்டி நெஜமா."

"வண்டியை எடுக்கச் சொல்லு."

மேடவாக்கம் தாண்டறப்போ நான் கலாய்ச்சேன். "இன்னாக்கா, போலீஸு கைதியைக் கூட்டினு போற மாதிரி கீது." அக்கா சிரிச்சாங்க. எப்பவும் சிரிக்கற சிரிப்புதான். ஆனா குப்பத்துல அந்த அண்ணன் போட்டு திரும்பற வரைக்கும் மணல்லயே நின்னாங்க. டின்னு கரைக்கு வந்ததும் நான் கை நீட்டறதுக்கு முன்னாடி அவங்க வாங்கிகினாங்க.

பதில் வந்துச்சு. ஆறு மாசம் குடுத்தாங்க, கடைசி வாட்டின்னு கோடு போட்டு எழுதியிருந்தாங்க. அந்த மொத வாட்டியையும் சேர்த்து மூணு ரன்னு. அது ஒவ்வொண்ணுக்கும் அக்கா வந்தாங்க. காலையில பொண்ணை ஸ்கூல்ல உட்டுட்டு, தாம்பரம் வந்து, ஆட்டோவுல ஏறி, குப்பத்துக்குப் போயி, திரும்பி வந்து மத்தியானம் கிளாஸு எடுப்பாங்க. மூணுலயும் நம்பரு நவுந்துச்சு. ஒம்பதாவது நாளு, பத்தாவது நாளு, அப்படித்தான். பிரியாணி மூஞ்சி வரலை. பாத்து, எழுதி, அடுத்த கிளாஸுக்குப் படி ஏறிட்டாங்க.

வெயில் காலத்துல புக்கை சப்மிட் பண்ணாங்க. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. கடைசியில ஒரு பக்கத்தைத் திறந்து என்கிட்ட காட்டுனாங்க. மூணு ரன்னு தள்ளப்பட்டது, ஏன்னா அதுல இருந்தது ஏரிச் சேறும் உப்பு போட்ட போர் தண்ணியும்னு. எத்தினி கை உப்புன்னு கூட இருந்துச்சு.

"என் பேரு போடலையேக்கா."

"போடவா?"

"வேணாம்கா."

அக்கா புக்கை மூடி பையில வெச்சாங்க. சாயங்காலம் ஒரே பஸ்ஸுல போனோம். எனக்கு எறங்கற எடம் மொதல்ல வரும். எறங்கறப்போ மன்னிச்சுடுங்கக்கான்னு சொல்லலாம்னு பாத்தேன், அக்கா தலை ஜன்னல் கம்பியில சாஞ்சு இருந்துச்சு. பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிகினு இருந்தாங்க. தூக்கத்துலயும் கை தளரலை. நான் எழுப்பாம எறங்கிட்டேன்.